மாமியின் காரைக் கீழே இறக்கிய சனிக்கிழமை

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கடைசிவரை 'தம்பி' என்றே கூப்பிட்ட என் மாமிக்கு,

உங்கள் காரைக் கீழே இறக்கிவிட்டோம். போன சனிக்கிழமை காலையில். நீங்கள் போனதிலிருந்து மூன்று மாதத்துக்கு மேலாக அது கராஜில் கார் தூக்குகிற லிஃப்டின் மேலேயே நின்றது. நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலையால் வந்து, என் காரை அதற்குக் கீழே விட்டுவிட்டு, மேலே பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுவேன்.

இதை யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். அந்தக் காரைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் நான் மனம்விட்டுக் கதைத்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

பதினொரு வருடம் உங்கள் வீட்டில் இருந்தேன். உங்கள் மகள் வாசுகியைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டியோடு வெள்ளவத்தைக்கு வந்தவன். முதல் ஏழெட்டு வருடம் நாம் என்ன கதைத்தோம் என்று யோசித்தால் சிரிப்பு வரவேண்டும். "சாப்பிட்டீங்களோ தம்பி?" "ஓம் மாமி." "மழை வரும்போல கிடக்கு." "ஓம் மாமி." அவ்வளவுதான். "பெடியன் நல்லவன், ஆனா வாய் இல்லை" என்று நீங்கள் வாசுகியிடம் சொன்னது எனக்குத் தெரியும். அவள் அன்றைக்கே வந்து சொல்லிவிட்டாள்.

நான் கார் வாங்கிய பிறகுதான் நமக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைத்தது. வீட்டில் ஒரு காருக்கு மட்டும் கராஜ். அதில் உங்கள் பழைய ஜப்பான் கார். என் கார் ஒழுங்கையில் நின்றது. கடலுக்கு இறங்குகிற அந்த ஒழுங்கையில் ஓட்டோவும் மீன்காரனின் சைக்கிளும் எதிரெதிரே வந்தாலே யாராவது ஒருவர் மதிலோடு ஒட்டவேண்டும். ஒரு மாதத்தில் என் காரின் பக்கக் கண்ணாடி இரண்டு தரம் போயிற்று. கதவில் ஒரு நீளக் கீறல்.

"அம்மான்ர காரை வித்தா என்ன? கிழமைக்கு ரெண்டு தரம் கோயிலுக்கும் மார்க்கெற்றுக்கும் போறதுக்கு ஒரு கார்" என்று வாசுகி சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். அடுத்த நாள் விடிய நான் பல்லுத் தீட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கராஜுக்குள் ஏணியில் நின்று அளவுநாடாவின் ஒரு நுனியைக் கூரை வளையில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"தம்பி, மற்ற நுனியை நிலத்தில பிடியுங்கோ. இறுக்கிப் பிடியுங்கோ."

பதினொரு அடி நாலு அங்குலம். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் வரைந்த கை உங்களுடையது. அன்று பத்து மணிக்குள் கராஜின் படம் ஒன்று தாளில் வந்துவிட்டது. கீழே என் கார், நாலு அடி பதினொரு அங்குலம். மேலே உங்கள் கார், நாலரை அடி. நடுவில் தட்டு. மிச்சம் ஒன்றரை அடி. காற்றும் போகும் என்று சொன்னீர்கள். இப்படி ஒரு லிஃப்டை வீட்டுக்கும் வாங்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீங்கள் யூடியூபில் பார்த்திருந்தீர்கள்.

ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டுகளுக்குப் பின்னால் இருந்த அந்தக் களஞ்சியத்துக்கு நாம் போனது நினைவிருக்கிறதா? விற்கிறவர் எல்லாவற்றையும் எனக்குத்தான் விளங்கப்படுத்தினார். கேள்வி எல்லாம் உங்களிடமிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

முதலில் இரண்டு தூண் லிஃப்டைக் காட்டினார். கராஜ்காரர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். அது காரை வயிற்றில் பிடித்துத் தூக்குகிறது, சில்லு நான்கும் அந்தரத்தில் தொங்குகிறது. அடுத்தது கத்தரிக்கோல் மாதிரி விரிகிறது. அது காரின் கீழேயே இருப்பதால் இன்னொரு காரை உள்ளே விட இடமில்லை. மூன்றாவது சிவப்பு நிறத்தில் நாலு தூண். இரண்டு பக்கமும் பலகை மாதிரி இரும்புத் தட்டு, கார் அதன்மேல் ஏறி நிற்கும்.

"திருத்துறதுக்கெண்டா முதலாவது சரி" என்றீர்கள் என்னிடம். "எங்கட கார் நாள்கணக்கா மேல நிக்கப்போகுது. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கேலாது. தன்ர காலில நிக்கவேணும்."

பிறகு அந்த மனிதரிடம் சிங்களத்தில், "மல்லி, மேக்க மல கன்னே நெத்த?" என்று கேட்டீர்கள். துருப்பிடிக்காதா என்று. அவர் சிரித்துக்கொண்டு "நெஹெ அம்மே" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை. வெள்ளவத்தை, கடலிலிருந்து அறுநூறு அடிதான் என்றீர்கள். அவருடைய சிரிப்பும் நின்றது. கடைசியில் உள்ளே போய், துத்தநாகம் பூசிய சாம்பல் நிறத் தூண்கள் இருக்கிற ஒன்றைக் காட்டினார்.

"சிவப்புத்தான் வடிவு" என்றேன் நான். உங்கள் முன்னால் நானாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுவாகத்தான் இருக்கும்.

"வடிவு உப்புக்காத்துக்கு விளங்காது தம்பி."

நிலத்தைத் துளைத்துப் பார்க்கவேண்டும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். மூன்று மூலையில் கொங்கிறீற் நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தது. கடற்கரைப் பக்கத்து மூலையில் இரண்டரைகூட இல்லை. மேசன் பாஸ் வந்து அந்த மூலையை உடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டு, ஒரு கிழமையில் லிஃப்டைப் பொருத்தலாம் என்றார். நீங்கள் இருபத்தெட்டு நாள் என்றீர்கள். இருபத்தெட்டு நாளும் காலையும் மாலையும் நீங்களே தண்ணீர் விட்டீர்கள். அதுவரை என் கார் ஒழுங்கையில் நின்று இன்னொரு கண்ணாடியையும் பறிகொடுத்தது.

லிஃப்டைப் பொருத்த வந்த ரொஷான் பாஸ் பாவிக்கிற முறையைச் சொல்லித்தந்தார். தூக்கும்போது நாலு தூணிலும் பூட்டு விழுகிற சத்தம் கேட்கவேண்டும். மூன்று கேட்டால் நிற்பாட்டவேண்டும். மேலே போனதும் அப்படியே விடக்கூடாது, கொஞ்சம் கீழே இறக்கிப் பாரத்தைப் பூட்டில் இருத்தவேண்டும். இல்லாவிட்டால் முழுப் பாரத்தையும் கம்பிவடம் தாங்கிக்கொண்டிருக்கும். இறக்குவதற்கு முதலில் கொஞ்சம் உயர்த்தவேண்டும், அப்போதுதான் பூட்டுக் கழலும். எல்லாவற்றையும் நீங்கள் உங்கள் அச்செழுத்தில் மட்டையில் எழுதித் தூணில் ஒட்டினீர்கள். மேலே தமிழ், கீழே சிங்களம்.

அதற்குப் பிறகு நம் கதை கூடிற்று. "தம்பி, நாளைக்கு ஒன்பதுக்கு எனக்கு நிலத்தில வேணும்." "தம்பி, ஏரியலை மடக்கினீங்களோ?" முதல் கிழமையே உங்கள் காரின் எண்ணெய் மூன்று சொட்டு என் பொனற்றில் விழுந்தது. அதைப் பார்த்து நீங்கள் வெட்கப்பட்ட மாதிரி நான் உங்களை வேறெப்போதும் பார்த்ததில்லை. பின்னேரத்துக்குள் தகரத்தில் ஒரு தட்டம் செய்வித்து எஞ்சினுக்குக் கீழே வைத்துவிட்டீர்கள். மாதம் ஒருக்கா அதைத் துடைக்கிறது என் வேலை. "இந்த மாசம் எவ்வளவு தம்பி?" என்று கேட்பீர்கள். "குறைவு மாமி" என்பேன்.

ஒரு வருடத்துக்கு முதல் நடந்ததையும் சொல்லவேண்டும். நான் வேலையில் நின்றேன். நீங்கள் தனியே காரை இறக்கப் பார்த்தீர்கள். பின்பக்கத்து ஒரு தூணில் பூட்டுக் கழலவில்லை. மூன்று மூலை இறங்க, ஒரு மூலை அப்படியே நிற்க, தட்டுச் சரிந்தது. நீங்கள் உடனே பிடியிலிருந்து கையை எடுத்தீர்கள், லிஃப்ட் நின்றது. பதறாமல் எனக்குப் போன் எடுத்து, "தம்பி, ஒரு கால் வரமாட்டன் எண்டுது" என்றீர்கள்.

நான் வந்து உயர்த்திச் சரிபண்ணி இறக்கினேன். காருக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நான் மெயின் சுவிச்சின் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, கழற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். "இனி நான் இல்லாத நேரம் வேண்டாம் மாமி" என்றேன். "சரி தம்பி" என்றீர்கள்.

அடுத்த கிழமையே ரொஷான் பாஸ் வந்து அந்தப் பூட்டை மாற்றிவிட்டார். இனிப் பயமில்லை என்று உங்கள் முன்னாலேயே சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் திறப்பைத் திருப்பித் தரவில்லை.

ஏன் தரவில்லை என்று இப்போது கேட்டால் உங்கள் பாதுகாப்புக்காக என்று சொல்லலாம். மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லுவேன். உங்களுக்குச் சொல்லமுடியாது. அந்த வீட்டில் கதவு உங்களுடையது, கதிரை உங்களுடையது, கூரையின் அளவும் உங்களுடையது. முதல்தரமாக நீங்கள் என்னிடம் ஒன்றைக் கேட்கவேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது மாமி. அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை எட்டரைக்கு நீங்கள் கந்தோருக்குப் போன் எடுத்தீர்கள்.

"தம்பி, திறப்பை மறந்து கொண்டுபோட்டீங்கள் போல."

மறக்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும். என்னைச் சங்கடப்படுத்தாமல் கேட்டீர்கள்.

"பின்னேரம் வந்து இறக்கிவிடுறன் மாமி."

"புஷ்பத்துக்குப் பத்தரைக்குக் கண் கிளினிக். கூட்டிக்கொண்டு போக இருந்தவ வரேல்லையாம். இப்பதான் சொல்லுறாள்."

"ஓட்டோவில போங்கோவன் மாமி. பார்க்கிங் கரைச்சலும் இல்லை."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய், உங்கள் தங்கச்சி புஷ்பத்தை, எங்கள் சின்ன மாமியை, ஏற்றிக்கொண்டு பொரளைக்குப் போனீர்கள். சின்ன மாமியின் கண்ணில் மருந்து விட்டு வெளியே இருத்தியிருக்கிறார்கள். அவவுக்கு எல்லாம் புகைமாதிரித் தெரிந்ததாம். நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து அவவின் தோளில் சாய்ந்தீர்களாம். அக்கா களைத்துப்போய் நித்திரையாகிவிட்டா என்று நினைத்து, அசையாமல் இருந்திருக்கிறா. பெயர் கூப்பிட்டு நர்ஸ் வந்தபோதுதான் தெரிந்தது.

மாரடைப்பு. நேரம் எடுத்திருக்காது என்று டொக்டர் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "நல்லகாலம் அவ கார் ஓடேல்லை. ஓடியிருந்தா இன்னும் ரெண்டுமூண்டு பேர் போயிருப்பினம்."

அந்த வசனத்தை அதற்குப் பிறகு எத்தனை பேர் சொன்னார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். கனத்தை மயானத்தில் கிரியை முடிந்து கை கழுவும்போது ஒருவர் சொன்னார். வத்தளையிலிருந்து வந்த உங்கள் கந்தோர்ச் சிநேகிதி வாசுகியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னா. "கடவுள்தான் அண்டைக்குக் காரை எடுக்கவிடேல்லை பிள்ளை." நான் பக்கத்தில் சோடாப் போத்தலோடு நின்றேன்.

காரை எடுக்கவிடாதது நான். நான் செய்தது சின்ன மாமியின் உயிரைக் காப்பாற்றியதா? அல்லது எழுபத்திரண்டு வயது மனுசியை வெயிலில் ஓட்டோவில் அலைய வைத்ததா? நீங்கள் உங்கள் காரில், உங்கள் சீற்றில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஆறுதலாகப் போயிருந்தால் அந்த நெஞ்சு இன்னும் கொஞ்சநாள் ஓடியிருக்குமா? டொக்டரிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை மாமி. எதற்கு அழுவது என்று தெரியவில்லை. பல்லு டொக்டர் ஊசி போட்டபிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடையதோ உதடு மாதிரி இருக்குமே, முழு ஆளும் அப்படி இருந்தேன். மரண அறிவித்தல் கொடுத்தேன். ஐயருக்குச் சொன்னேன். கதிரை எடுத்தேன், கதிரை திருப்பிக் கொடுத்தேன். எட்டாம் நாள் கிரியை நடந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. "மருமகன் நல்லா நிண்டு செய்தவர்" என்றார்கள்.

பிறகு வேலைக்குப் போனேன், வந்தேன். வாசுகி இரவில் அழுவது கேட்கும். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அவளிடம் அந்தப் போனைப் பற்றிச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை. அந்த நினைப்பே இருக்கவில்லை. எண்ணெய்த் தட்டத்தையும் துடைக்கவில்லை.

போன கிழமை சின்ன மாமி போன் எடுத்தா. அன்றைக்குப் பாதியில் நின்ற கண் பரிசோதனைக்குத் திரும்பவும் வரச்சொல்லியிருக்கிறார்களாம், சனிக்கிழமை. வாசுகி கதைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"சின்னம்மா அம்மான்ர காரில வரச்சொல்லிக் கேக்கிறா. காரை இறக்குங்கோ."

"என்ர காரில போவம்."

"அவ கேட்டது அம்மான்ர காரை."

"பட்டரி இறங்கியிருக்கும்."

"அப்ப ஏத்துங்கோ" என்றாள். சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஏழரைக்கு என் காரை ஒழுங்கைக்கு எடுத்தேன். வாசுகி கராஜ் வாசலில் வந்து நின்றாள். திறப்பைப் போட்டேன். பச்சை லைற் பற்றியது. மேலே போகிற பொத்தானை அழுத்தினேன். மூன்று மாதம் அசையாத மோட்டர் முதலில் இருமிற்று, பிறகு தூக்கிற்று. பூட்டுப் பிடியை இழுத்தேன். நாலு தூணையும் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் கழன்றிருந்தது. இறக்குகிற பிடியை அழுத்தினேன்.

உங்கள் கார் மெல்ல மெல்ல இறங்கியது. தோள் உயரம் வந்தபோது பின்சீற்றில் உங்கள் குடை தெரிந்தது. நான் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லிஃப்ட் நடுவில் நின்றது.

"என்ன, இறுகிப்போச்சோ?" என்றாள் வாசுகி.

"இல்லை."

"பின்ன?"

"அண்டைக்கு அம்மா எனக்குப் போன் எடுத்தவ" என்றேன். "திறப்பைக் கேட்டவ. நான் குடுக்கேல்லை. ஓட்டோவில போகச் சொன்னது நான்."

என் குரல் கப்பல் சாமான் வந்ததா இல்லையா என்று கந்தோரில் கதைக்கிற குரல் மாதிரியே இருந்தது. ரொஷான் பாஸ் பூட்டை மாற்றியதையும் சொன்னேன். திருப்பித் தராததையும் சொன்னேன். அது எனக்குப் பிடித்திருந்ததையும் சொன்னேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு உங்கள் எழுத்து இருக்கிற மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் போன் அடிச்சவ" என்றாள்.

"எப்ப?"

"எட்டே முக்காலுக்கு. உங்களோட கதைச்ச பிறகாத்தான் இருக்கும். நான் மீட்டிங்கில. கட் பண்ணினனான். பிறகு எடுப்பம் எண்டு நினைச்சனான். எடுக்கேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

மூன்று மாதம் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். ஒழுங்கையில் யாரோ என் காருக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு தரம், பிறகு இன்னொரு தரம்.

"இறக்குங்கோ" என்றாள் வாசுகி. "நடுவில வைச்சுக்கொண்டு கதைக்கேலாது."

இறக்கினேன். அவள் வந்து சுவிச்சிலிருந்து திறப்பைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டாள். கோபமாகச் செய்யவில்லை. அன்பாகவும் செய்யவில்லை. பட்டரி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. என் காரிலிருந்து வயர் கொழுவி ஏற்றினோம். மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்தது.

வாசுகிதான் காரை ஓட்டினாள். நான் பின்சீற்றில் குடைக்குப் பக்கத்தில் இருந்தேன். கொட்டாஞ்சேனையில் சின்ன மாமி வாசலிலேயே நின்றா, வெள்ளைச் சீலையோடு. காரைக் கண்டதும் கையால் வாயை மூடிக்கொண்டா. பிறகு முன்சீற்றில் ஏறிப் பெல்ற்றைப் போட்டா.

பொரளையில் அதே கிளினிக், அதே கதிரை வரிசை. கண்ணில் மருந்து விட்டு வெளியே இருத்தினார்கள். வாசுகி பணம் கட்டுகிற இடத்துக்குப் போனாள். சின்ன மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். நீங்கள் இருந்தது எந்தக் கதிரை என்று கேட்கவில்லை. இதுவாகவும் இருக்கலாம்.

"அக்கா இருந்த பக்கம்தான்" என்றா அவ, முன்னால் பார்த்துக்கொண்டு. மருந்து விட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. துடைக்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள்.

அவவுக்கு என் முகம் தெரியாது என்ற துணிச்சலில் கேட்டேன். "சின்ன மாமி, அண்டைக்கு ஓட்டோவில வரேக்க என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

"திறப்பு விஷயமோ?"

"ஓம்."

"சொன்னவ. சொல்லாமல் இருப்பாவே? நல்ல கோவம். 'என்ர கார், என்ர கராஜ், திறப்பு மருமேன்ர பொக்கற்றில' எண்டு பாதி வழி, மருதானை வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தவ."

"பிறகு?"

"பிறகு ஓட்டோக்காரன் சுத்துப்பாதையால திருப்பிப்போட்டான். அக்கா அவனோட சிங்களத்தில சண்டைபிடிக்கத் தொடங்கீற்றா. இறங்குமட்டும் சண்டை."

"பிறகு?"

"பிறகென்ன தம்பி. உள்ளுக்கு வந்தம்."

நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். 'ஆனால் உங்களில் அவவுக்கு நல்ல விருப்பம்' என்று சொல்லுவா என்று எதிர்பார்த்தேனோ தெரியாது. சொல்லவில்லை. சின்ன மாமி பொய் சொல்லத் தெரியாத ஆள். என் கையைத் தேடிப் பிடித்து, "எத்தினையாம் நம்பர் கூப்பிடுகினம்? எனக்குத் தெரியேல்லை" என்று மட்டும் கேட்டா.

"முப்பத்தொண்டு. நீங்கள் முப்பத்தாறு" என்றேன்.

அப்போது எனக்குப் பசித்தது மாமி. ஏன் என்று தெரியவில்லை. மூன்று மாதமாக வாசுகி போட்டதைச் சாப்பிட்டேன், பசித்துச் சாப்பிட்டதில்லை. கீழே கன்டீனுக்குப் போய் மீன் பணிஸ் இரண்டு வாங்கி நின்றபடியே இரண்டையும் தின்றேன். உறைத்தது. மூக்கு ஓடியது. பிறகு மூக்கு மட்டும் ஓடவில்லை. கன்டீன்காரி கடதாசி ஒன்றை நீட்டிவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம்தான். பிறகு பழையபடி ஆகிவிட்டேன்.

சின்ன மாமிக்கு இரண்டு கண்ணிலும் ஒப்பரேசன் செய்யவேண்டுமாம். முதல் கண் அடுத்த மாதம், வேலை நாளில். எனக்கு அன்றைக்கு லீவு இல்லை. "நான் தனிய இறக்கிக் கொண்டுபோறன். சொல்லித்தாங்கோ" என்றாள் வாசுகி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் பழகினாள். ஏற்றினாள், பூட்டில் இருத்தினாள், உயர்த்தினாள், இறக்கினாள். நாலாம் சத்தம் கேட்குமட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது உங்களை மாதிரியே இருந்தது. நாங்கள் அந்த இரண்டு போன்களைப் பற்றித் திரும்பக் கதைக்கவில்லை. கதைப்போம் என்று நினைக்கிறேன். இப்போது அதற்கு வழி இருக்கிறது.

காரை விற்கப்போவதில்லை. அதை மட்டும் இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் ஆண்டுத்திவசத்துக்கு ஆட்கள் வருவார்கள். வந்து, மாமி எல்லாவற்றையும் மன்னித்திருப்பா என்பார்கள், அவவுக்கு என்னில் ஒரு குறையும் இல்லை என்பார்கள். செத்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது எல்லாருக்கும் சுகம். எனக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் ஓம் என்று தலையாட்டமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. நீங்கள் என்னோடு கோபமாக இருந்தீர்கள் என்று சொல்லுவேன். மருதானை வரைக்கும் கோபம் என்று சொல்லுவேன். அந்தக் கோபம் நியாயமானது என்றும் சொல்லுவேன். அதை யாரும் இனிப்பாக்கிச் சொல்ல விடமாட்டேன்.

வாசுகியின் மனுசன்,
உங்கட மருமகன்,
சிறீ
வெள்ளவத்தை